சம்மதக் கடிதத்தில் ஒரு கையெழுத்து

என் வீட்டுக்காரர் தசரதன் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஆட்டோ ஸ்டாண்டில் எட்டாவது பாஸ் என்று அளந்து வைத்திருந்தார். வீம்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அந்த வீம்புதான் அவரைச் சிறையிலேயே உட்கார வைக்கப் பார்த்தது. சட்டைப் பையில் போதைப்பொடி இருந்ததாக வழக்கு. மாஜிஸ்திரேட் முன்னால்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை பிடிபட்டவருக்கு உண்டாம். அதெல்லாம் வேண்டாமென்று இவரே கையெழுத்துப் போட்டதாகப் போலீஸ் ஒரு கடிதம் காட்டியது. வளைந்து நெளிந்த அழகான கையெழுத்து. எங்கள் வக்கீல் அபிகாயில் சிறைக்குப் போய்க் கேட்டபோது, "என் கையெழுத்துதான்" என்று சொல்லிவிட்டார் மனுஷன். மற்ற காகிதங்களில் எல்லாம் கைநாட்டு இருக்கிறதே என்றதற்கு, அன்றைக்குக் கையில் அடி என்றாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருடம் உள்ளே கிடந்தாலும் கிடப்பார், மானம் மட்டும் போகக் கூடாது! யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் செய்த சத்தியத்தை அன்றைக்கே உடைத்தேன்.

"மேடம், அந்தாளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது."

கோர்ட்டில் நீதிபதி ஒரு தாளைக் கொடுக்கச் சொல்லி, "உங்க பேரை எழுதுங்க" என்றார். இவர் என்னைத் திரும்பி முறைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"என் பேரு வராதுங்கய்யா. ஒரே ஒரு பேருதான் எழுத வரும்."

"அதையே எழுதுங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். நீதிபதி தாளை வாங்கிப் பார்த்தார்.

"சரசு. யாருப்பா இது?"

நான் எழுந்து நின்றேன். அழக் கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

கடிதத்தை நம்ப முடியாது, முறைப்படி நடக்காத சோதனை செல்லாது என்று அடுத்த மாதம் விடுதலை செய்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் பெரும்பாக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"எப்போய்யா கத்துக்கின?"

"உன்ன ஆஸ்பத்திரில சேத்தப்போ. வார்டு கதவுல ஒட்டுன லிஸ்ட்டுல உன் பேரு இருக்குதான்னு தெனம் பாப்பேன். மூணே எழுத்து. என் பேரு அஞ்சாம், யாரு கத்துக்கிறது?"

அவர் உள்ளங்கையை இழுத்து விரலால் எழுதிக் காட்டினேன்.

"உன் பேருல ச, ர ரெண்டும்தான் வந்துடுச்சே. இன்னும் த, ன் ரெண்டே எழுத்துதான்யா."