கைமாறிய குருசு

சந்தியாகு சாமியார் விடியுமுன் எழுந்தார். கிணற்றடியில் முகம் கழுவினார். கொடியில் கிடந்த அங்கியை உதறி மாட்டி, கீழிருந்து மேலாகப் பொத்தான்களைப் போட்டார். மணி அடித்தது. பூசைக்கு வழக்கமான பெண்கள் வந்திருந்தார்கள். அவர் பீடத்தைப் பார்த்து லத்தீனில் முணுமுணுக்க, அவர்கள் தங்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டினார்கள். பூசை முடிந்ததும் ஒருத்தி நீட்டிய உப்பை மந்திரித்துக் கொடுத்தார். அவள் வீட்டு மாடு தீனி எடுக்கவில்லையாம். அறைக்கு வந்து காப்பி குடித்தார். அதில் இனிப்பு இல்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

சோழவந்தானுக்குத் தெற்கே, வெற்றிலைக் கொடிக்கால்கள் முடிந்து மானாவாரிக் காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அவர் பொறுப்பில் இருந்த அந்தக் கோயில் பங்கு. அவர் வந்து சேருமுன்பே அவருடைய கதை அங்கே வந்து சேர்ந்திருந்தது. பி.ஏ. படித்தவர், மதுரையில் வாத்தியாராக இருந்தவர். கல்யாணமான மறுவருஷம் மனைவி அருளாயி விஷக்காய்ச்சலில் படுத்தாள். சாகும் தறுவாயில், நெஞ்சின்மேல் இருந்த குருசை, அந்தச் சிலுவையை, எடுத்துப் புருஷன் கையில் கொடுத்து, 'இனி நீங்கள் ஆண்டவருக்கு' என்று சொல்லிக் கண்ணை மூடினாள். இதுதான் கதை.

கட்டிலைச் சுற்றி நின்று செபம் சொன்ன பெண்கள் கண்டது குருசு கைமாறியதை மட்டுமே. அவள் சொன்னது அவர் காதில் மட்டும் விழுந்தது. மிச்சத்தை அவருடைய அம்மா அழுகைக்கு நடுவில் சேர்த்தாள். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று நம்பினாள். துக்கம் கேட்க வந்த பங்குச்சாமி, "இது தேவ அழைத்தல்" என்றார். சந்தியாகு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இல்லையென்று சொல்லவும் உடம்பில் கொஞ்சம் வலு வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். போனார். குருமடத்தில் எல்லாம் முடிந்து, கைகளில் எண்ணெய் பூசிக் குருப்பட்டம் கொடுத்து வெளியே அனுப்பியபோது, திரும்பிப் போக வாசல் இல்லை.

விசுவாசம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அப்பத்தை உயர்த்தும்போது அது ஆண்டவர் என்று நம்பத்தான் செய்தார். தன்னை அழைத்தது யார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

புனிதர்களைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. பிரசங்கத்தில் சொன்னதில்லை. பக்கத்தில் நின்றவர்கள்தான் பாதிப் புனிதரை உண்டாக்குகிறார்கள். கண்டதைச் சொல்வார்கள், காணாததை அன்பினால் சொல்வார்கள். வர்ணம் பூசி மாடத்தில் ஏற்றிய பிறகு சொரூபம் இறங்கி நடக்க முடியுமா? கல்யாண ராத்திரியே பெண்டாட்டியை விட்டுப்போன அலேசியாரின் கதையை இந்தப் பக்கத்து ஊர்களில் விடியவிடிய ஆடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ புலம்பல் பாட்டு உண்டு. அவள் நிஜமாக என்ன சொன்னாள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

வெளியே செருமல் கேட்டது. கோயில் உபதேசியார் ஞானமுத்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் துணிமூட்டையோடு கொடிக்கால் வேலைக்காரன் மிக்கேல். அவனுடைய அம்மா தங்கப்பொண்ணு கையில் பச்சைப் பிள்ளை. போன மாதம் பிரசவத்தில் மிக்கேலின் மனைவி செத்துப்போனாள். அன்றைக்குச் சாமியார் பேரையூர்ப் பக்கம் போயிருந்ததால், உபதேசியார்தான் போய்ச் செபம் சொன்னார்.

"தோத்திரம் சாமி. மிக்கேலு பொறப்பட்டு வந்துட்டான். ரயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். மதுரையில பிள்ளையக் கன்னியர் மடத்துல விட்டுட்டு, இவனைச் சகோதரமாரு மடத்துல சேத்துருவேன். சாமி ஆசீர்வாதம் குடுத்தாப் போதும்."

"எதற்கு மடம்?"

"அவளும் குருசை எடுத்து இவன் கையில குடுத்தாளே சாமி. ஒங்க வீட்டுக்காரம்மா மாதிரியே."

"அவ எங்க குடுத்தா?" என்றாள் தங்கப்பொண்ணு. "நெனவில்லாமக் கெடந்தவ. நீங்களும் அந்தப் பொம்பளைகளுமாத்தான் அவ கையப் பிடிச்சு இவன் கையில வச்சு அமுக்குனீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"இந்தப் பங்குல இப்ப அதான வழக்கம். சாமி வந்ததுலருந்து, நல்ல சாவுன்னா எல்லாரும் அப்படித்தான் செய்யிறாக."

சந்தியாகுக்கு இது புதுச் செய்தி.

"நல்ல வழக்கந்தான்" என்றாள் தங்கப்பொண்ணு. "போன வருசம் ஒங்க சம்சாரம் சாகையில ஒங்க கையிலயும் குடுத்தாகளே உபதேசியாரே. நீங்க ஏன் மடத்துக்குப் போகல?"

"எனக்கு வயசாயிப்போச்சு ஆத்தா."

"வயசாயிப்போனாக் குருசு செல்லாதாக்கும்."

சாமியார் மிக்கேலைப் பார்த்தார். "உனக்குப் போக மனசு இருக்கா?"

மிக்கேல் தரையைப் பார்த்தான். "தெரியல சாமி. குருசை வாங்கிட்டேல்ல, வாங்கிட்டேல்லங்கிறாக எல்லாரும். வாங்குனத எப்படித் திருப்பிக் குடுக்குறதுன்னு தெரியல."

பிள்ளை சிணுங்கியது. பேச்சின் நடுவிலேயே அவன் அதை வாங்கித் தோளில் போட்டு, அதன் மூக்கை வேட்டி நுனியால் துடைத்தான். கோயில் மாடத்துச் சொரூபத்தில் அந்தோணியாரும் கையில் பிள்ளையோடுதான் நின்றார். மூக்குத் துடைத்துவிடும் வேலை அவருக்கு இல்லை.

"நீ போக வேண்டாம் மிக்கேல். பிள்ளையை வளர்" என்றார் சாமியார்.

உபதேசியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "சாமியே இப்படிச் சொன்னா எப்படி? ஒங்க கையில குடுத்த குருசு அழைத்தலு, இவன் கையில குடுத்தது மட்டும் இல்லையா? ஊரு கேக்கும் சாமி. மடத்துக்குப் பயந்து பின்வாங்குனவன்னு இவனை இருக்க விடுவாகளா?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் கிளைக் கிராமத்துக்கெல்லாம் சேதி போய்விடும். நாளைக் காலைப் பூசையில் பெண்கள் செபமாலையை நிறுத்திவிட்டு அவருடைய கைகளைப் பார்ப்பார்கள். பூசின எண்ணெயைத் துடைக்கவும் முடியாது. கதை போனபின்னும் அங்கி உடம்பில்தான் இருக்கும். அம்மாவிடம் அவர் சொன்னதில்லை. குருமடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால், அது அவள் செய்த பாவமுமில்லை, அவர் செய்த பாவம் எது என்று அவருக்கே விளங்கவுமில்லை. இந்தப் பையனும் இப்படித்தான் வாயைத் திறக்காமல் ரயில் ஏறப்போகிறான்.

மிக்கேல் பிள்ளையைத் தட்டிக்கொண்டே மெல்லக் கேட்டான். "சாமி, குருசைக் குடுக்கையில அவுக நெசமா அப்படித்தான் சொன்னாகளா?"

"இல்லை" என்றார் சந்தியாகு.

தங்கப்பொண்ணு முந்தானையை வாய்க்குக் கொடுத்தாள்.

"பித்தளைக் குருசு அது. அவளுக்கு மூச்சு வாங்கிக்கிட்டிருந்தது. யாரோ நெஞ்சுமேல வச்சிருந்தாங்க. நான்தான் கிட்ட நின்னேன். எடுத்து என் கையில குடுத்தா. குடுத்துட்டுச் சொன்னா:

'இந்தாங்க, இதக் கொஞ்சம் அங்கிட்டு எடுத்து வைங்க. கனக்குது.'"