மெலிந்த எழுத்து

தங்கையின் முன்பற்கள் இரண்டும் அக்கா செய்து கொடுத்தவை. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து அனுப்பும் கூடத்தில் அவளுக்கு வேலை. எத்தனையோ பேருடைய வாயின் அச்சுகள் அவள் மேசைக்கு வந்திருக்கின்றன. தங்கையின் அச்சு வந்தபோது மட்டும் அவளுக்குக் கை ஓடவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள் தங்கை. வழுக்கி விழுந்தால் உதட்டில் மோதிரத் தடம் எப்படி வரும் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். புதுப் பல் பழகுவதற்குள் தங்கை ஒரு பையோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

போனவள் போனைக்கூட எடுத்துப் போகவில்லை. முன்பு ஓடியபோதெல்லாம் அந்தப் போனை வைத்துத்தான் கணவன் அவளைத் தேடிப் பிடித்து இழுத்து வந்திருந்தான். இப்போது எங்கோ ஒரு சலவைக் கடையில் வேலை. முதலாளி இல்லாத நேரம் பார்த்து, கடைக் கணினியிலிருந்து அக்காவுக்கு மட்டும் மெயில் போடுவாள். "சாப்பிட்டேன், தூங்கினேன், பல்லு நல்லா இருக்கு." அவ்வளவுதான் இருக்கும். ஊர், தெரு எதுவும் இருக்காது. உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்று அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படிப்பாள்.

அந்த மெயில்களில்தான் ஒரு கோளாறு. புதிதாக வந்த மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். திறந்து படித்தபின் மெலிந்துவிடும். தங்கையின் மெயில்களோ வரும்போதே மெலிந்திருந்தன. மின்கட்டணமும் தள்ளுபடி விளம்பரமும் கொழுத்து நிற்க, அவள் எழுதியது மட்டும் யாரோ படித்து முடித்த மாதிரி கிடந்தது.

"மெயிலெல்லாம் தானா திறந்துக்குது" என்று அக்கா தன் கணவரிடம் சொன்னாள்.

"ஆப்புக்கு வயசாயிடுச்சு, உனக்கும்தான். உன்னை மாத்த முடியாது, ஆப்பை மாத்து" என்றார் அவர்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். நல்ல மனிதர், ஆனால் ஓட்டை வாய். காலையில் காதில் விழுந்தது மாலைக்குள் கற்றுக்கொள்ள வருபவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் தங்கை எழுதுகிற விஷயத்தை அவரிடம் மூச்சுவிடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது புருஷன் பெண்டாட்டிச் சண்டை, நாலு நாளில் சரியாகிவிடும். தங்கையின் கணவன், அவருடைய சகலை, தங்கமான பையன்.

மெலிந்த எழுத்தைப் பற்றித் தங்கைக்கு எழுதினாள். பதில் வந்தது. "அதை முதல்ல சரி பண்ணுக்கா. அப்புறம் நான் இருக்கற இடத்தைச் சொல்றேன். ஒரு தடவை வந்துட்டுப் போ. தனியா பயமா இருக்கு." அதுவும் மெலிந்தே வந்தது.

அதற்கப்புறம் அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. பல்லுக்கு நிறம் பார்ப்பவள் ஆயிற்றே, ஆப் தேர்ந்தெடுப்பதிலும் அதே பிடிவாதம். போனிலும் கணினியிலும் ஒன்றுபோல ஓட வேண்டும். தன் விரல் வைத்தால்தான் திறக்க வேண்டும். வந்த செய்தி திரையில் பல்லிளிக்கக் கூடாது. ஒவ்வொரு ஆப்பும் உங்கள் ரகசியம்தான் எங்கள் உயிர் என்று சத்தியம் செய்தது. ஒன்று இன்பாக்ஸைத் தானே அடுக்கி வைக்கிறேன் என்றது. இன்னொன்று பதிலையும் தானே எழுதித் தருகிறேன் என்றது. நீயே எழுதிக்கொண்டால் நான் எதற்கு என்று அதை அழித்தாள். கடைசியில் விரல் பூட்டு உள்ள ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டாள். கணினியில் அது ஏறவில்லை.

விடுமுறை நாளன்று காலையில் தங்கைக்கு எழுதினாள். "புது ஆப் போட்டாச்சு. என் விரல் வெச்சாத்தான் திறக்கும். இனிமே பயப்படாம எழுது."

மதியம் வாசல் மணி அடித்தது. பழப் பையோடு சகலை நின்றான்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றார் கணவர் பெருமையாக. "கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குதுன்னு நேத்து போன்ல சொன்னேன். நேர்லயே வந்துட்டாப்ல, பாரு."

"வாங்க தம்பி" என்று அவள் வாய் சொன்னது. கை போனை இடுப்பில் செருகிக்கொண்டது.

முன்பெல்லாம் வந்தால் எங்கே அவள், எங்கே அவள் என்று கூடத்தில் உட்கார்ந்து அழுவான். இன்று பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா அதைக் கவனித்தாள். தன் போனை மேசையில் வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தான். கணினியில் என்ன இருக்கிறது, பார்த்தால் பார்க்கட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ரகசியம் போனில்தான் இருக்கிறது, போன் தன் இடுப்பில் இருக்கிறது என்பது அவள் கணக்கு.

"நல்ல ஆப்பாத்தான் எடுத்திருக்கீங்கக்கா. போன்ல வர்றது அப்படியே இதுலயும் வரும்."

"இருங்க, பாஸ்வேர்டு எங்கயோ எழுதி வெச்சிருக்கேன்."

"வேண்டாம்கா. எனக்குத் தெரியும்." திரும்பாமலே தட்டினான். "நான் போட்டுக் குடுத்ததுதானே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் குடும்பத்தில் யார் போன் வாங்கினாலும் உறையைப் பிரிக்காமல் சகலை கையில் கொடுப்பதுதான் வழக்கம். கல்யாணமான புதிதில் வீட்டில் எல்லோருக்கும் மெயில் திறந்து கொடுத்தவன் அவன். அந்தப் பாஸ்வேர்டு அவன் வைத்தது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஆப்பை எத்தனை முறை மாற்றினாலும் பெட்டி அதே பெட்டிதான், சாவி முதல் நாளிலிருந்தே அவனிடம்தான் இருக்கிறது.

டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போனாள். 'இப்ப எதுவும் எழுதாதே' என்று அடிக்க ஆரம்பித்தாள். அவசரத்தில் எழுத்து தப்பியது. அழித்து மறுபடி அடிப்பதற்குள் கூடத்தில் ஒரு போன் டிங் என்றது. அடுத்த மூச்சில் அவள் கையிலிருந்த போனும் டிங் என்றது.

தங்கைதான். ஊர், தெரு, கடையின் பெயர். "கடைக்குப் பின்னாலயே என் ரூம். இன்னிக்கு லீவு, நான் மட்டும்தான் இருக்கேன். வாக்கா." எழுத்து மெலிந்திருந்தது.

கூடத்துக்கு வந்தபோது அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கதவை மறித்து நின்றாள்.

"இருக்கட்டும்கா, ஒரு வேலை வந்துடுச்சு." நாற்காலியை நகர்த்துவதுபோல அவள் தோளைப் பிடித்து நகர்த்தினான். படியில் இறங்கியவன் நின்று திரும்பினான். "நீங்க செஞ்ச பல்லு நல்லா இருக்காமே."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"வண்டியை எடுங்க" என்றாள் கணவரிடம். "அவ எங்க இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ வழுக்கி விழலை. பல்லை உடைச்சது அவன்தான். இன்னிக்குக் கொன்னுடுவான்."

பேயறைந்த மாதிரி சாவியை எடுத்தார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. கால் பட்டுவிடாமல் ஒடுங்கி உட்கார்ந்து போலீசுக்குப் போன் செய்தாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு தங்கைக்கு எழுதினாள். "அவன் வரான். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. நாங்க வந்துட்டே இருக்கோம்." இதையும் அவன் படிப்பான் என்று தெரியும். வேறு வழி இல்லை. தங்கை கணினி முன்னால்தான் இருந்தாள், உடனே பதில் போட்டாள். "பூட்டிட்டேன். சீக்கிரம் வாக்கா."

தங்கையின் ஊருக்குள் நுழைந்ததும் ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் பஸ், பின்னால் லாரி. கணவர் ஸ்டியரிங்கைக் குத்தினார். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அனுப்பியவை' என்ற இடத்தில், அவள் எழுதியதற்கு மேலே, புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் பெயரில், அவள் எழுதாதது.

"அக்கா வந்துட்டேன். அவன் முன்வாசல்ல நிக்கறான், அந்தப் பக்கம் போகாதே. பின்கதவைத் திற."

'அது நான் இல்லை, திறக்காதே' என்று அடித்தாள். அனுப்புவதற்குள் பதில் வந்துவிட்டது.

"சரிக்கா. இதோ திறக்கறேன்."

தடித்த எழுத்தில்தான் வந்தது. அவள் விரல் படுவதற்குள் மெலிந்துவிட்டது.