நிறம் ஏறாத தசை

அன்று காலை திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த மாதிரி தன் அண்ணனுடையது என்பது அவளுக்கு முன்பே தெரியும். "உனக்குக் கஷ்டமா இருந்தா வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்மா" என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பதினோரு வருடமாக அந்தக் கூடத்தில் டெக்னீஷியன். தசையை உறைய வைத்துச் சீவுவதில் அவள் கைதான் நிதானமானது. அண்ணன் தொடையில் வெட்டியெடுத்த துண்டை இன்னொருவர் சொதப்பிவிட்டால்?

அண்ணனை வீட்டில் மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்தது அப்பா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் ஓட வைத்தவருக்கு, சொந்தப் பிள்ளை நூறு அடி ஓடியதும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது பெரிய மானப் பிரச்சினை. "நடிக்கிறான்" என்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். வளர்ந்ததும் அண்ணன் ஒரு மேஜை நாற்காலிக் கடையில் வேன் ஓட்டப் போனான். சாமான் ஏற்றி இறக்க வேறு ஆட்கள் உண்டு. "உக்காந்த இடத்துலயே சம்பளம், மூட்டைக்கேத்த வேலை" என்றார் அப்பா.

மூன்று மாதம் முன்பு ஒரு நாள் அந்த ஆட்களில் ஒருவர் வரவில்லை. கொண்டுபோன இடத்தில் லிஃப்டும் ஓடவில்லை. அண்ணன் பீரோவின் மேல் முனையைப் பிடித்தான். இரண்டாவது மாடியிலேயே கையும் காலும் இறுகிப்போயின. விட்டால் கீழே பிடித்திருந்தவர்மேல் பீரோ சரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது மாடிவரை ஏறிவிட்டான். மறுநாள் காலை சிறுநீர் பாலில்லாத காப்பி நிறத்தில் போனது. நொறுங்கிய தசை ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதித்திருந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் தேறி, தசையும் ஆறட்டும் என்று காத்திருந்து இப்போதுதான் துண்டு எடுத்திருந்தார்கள்.

தசை தனக்குள் கொஞ்சம் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகக் கட்டி வைத்திருக்கும். அவசரத்துக்கு அதை உடைத்து எரித்துக்கொள்ளும். உடைக்கிற நொதி இருந்தால், அவள் செய்யும் சோதனையில் தசை கருநீலமாகும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொருவரின் நல்ல தசையையும் அதே கரைசலில் வைத்திருந்தாள். அது கறுத்தது. அண்ணனுடையது வெளுத்துக் கிடந்தது.

நாம்தான் எங்கேயோ கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்து, புதிதாகக் கரைசல் கலக்கி மறுபடி செய்தாள். மறுபடியும் வெளுப்பு.

"மேடம், என் கைலதான் ஏதோ தப்பு."

டாக்டரம்மா நுண்ணோக்கியில் குனிந்தார். "தப்பில்லம்மா. ஓரத்துல ரத்தக்குழாய் தெரியுதா? அதோட சுவரு கறுத்திருக்கு பாரு. ஸ்டெயின் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. ரத்தக்குழாய்க்கு அந்த நொதியை வேற மரபணு தருது. தசைக்குன்னு இருக்கிற மரபணுதான் உங்க அண்ணனுக்குப் பழுது. சேமிப்பு நிறைய இருக்கு, எடுக்கத்தான் வழியில்ல."

டாக்டரம்மா காலையில் பார்த்த இன்னொரு கண்ணாடித் தகட்டை எடுத்து வைத்தார். யாருடைய சிறுநீரகத்திலோ வளர்ந்த புற்றுக்கட்டி. செல்கள் ஆளில்லாத அறைகள் மாதிரி வரிசையாகக் காலியாக இருந்தன.

"கிளைக்கோஜனும் கொழுப்பும் ரொம்பி இருந்த இடம். நாம கழுவறப்போ கரைஞ்சு போகுது. சில புற்றுச்செல்கள் இப்படிச் சேத்து வச்சு, ஆக்சிஜன் கொறையறப்போ உடைச்சுத் தின்னு பொழைச்சுக்கும். அங்க உடைக்கிறது இந்த மரபணுவோட பங்காளிங்க. அதைத் தடுத்தா கட்டி அடங்குமான்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. உங்க அண்ணனுக்கு அது இல்லாம அவஸ்தை, இங்க இருந்து அவஸ்தை."

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் அண்ணனிடமும் ஒன்றாகவே சொன்னாள்.

"எங்க வம்சத்துல அப்படி யாரும் கெடையாது" என்றார் அப்பா.

"தெரியாமலே இருந்திருக்கும்பா. பழுதான மரபணு உங்ககிட்ட ஒண்ணு, செத்துப்போன அம்மாகிட்ட ஒண்ணு. ஒண்ணு மட்டும் பழுதா இருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டும் இவன்கிட்ட வந்து சேந்துடுச்சு."

அண்ணன் சிரித்தான். "அப்போ நான் சோம்பேறி இல்லயா? இனிமே எதைச் சொல்லி வேலைக்கு டிமிக்கி குடுக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் எப்படி நடக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினாள்: முதல் பத்து நிமிடம் மெதுவாக, வலித்தால் நின்று நடக்க வேண்டும்; அதற்குள் ரத்தம் வேறு எரிபொருளைக் கொண்டுவந்துவிடும், பிறகு சுலபமாக இருக்கும்.

"அது எனக்குத் தெரியும்" என்றான் அண்ணன். "ஆறாங்கிளாஸ்லயே கண்டுபிடிச்சேன். கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்து ஓடறேன்ப்பான்னு கேட்டேன்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டே" என்றார் கடைசியில். "சாக்கு சொல்றியான்னு இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடச் சொன்னேன்."

"விடுங்கப்பா. நீங்க என்ன மைக்ராஸ்கோப்பா வச்சிருந்தீங்க?"

அப்பா எழுந்து உள்ளே போனார்.

அடுத்த வாரம் அண்ணன் பரிசோதனைக்கு வந்தபோது அப்பாவும் கூட வந்தார். அவளைத் தேடிக் கூடத்துக்கே வந்து, அந்தத் தசையைப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டரம்மா தலையசைத்தார். அவள் தகட்டை வைத்து, அவருடைய கண்ணுக்கு ஏற்ப நுண்ணோக்கியைத் திருகிக் கொடுத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எதும்மா என்கிட்டருந்து போனது?"

"மரபணு இதுல தெரியாதுப்பா. நிறம் வரலேங்கிறது மட்டும்தான் தெரியும்."

"நீ சின்னதுல நல்லா ஓடுவே" என்றார், கண்ணை எடுக்காமல். "அவனைத் திட்டறதுக்கு உன்னைத்தான் உதாரணம் காட்டுவேன்."

"நானும் அதுல குளிர்காஞ்சவதான்ப்பா."

வெளியே அண்ணன் காத்திருந்தான். இரண்டு பேரும் நீளமான தாழ்வாரத்தில் நடந்து போவதை அவள் கதவருகே நின்று பார்த்தாள். பாதி தூரத்தில் அண்ணன் நின்று சுவரில் கை ஊன்றிக்கொண்டான். அப்பாவும் நின்றார். போகலாமா என்று அவர் கேட்கவில்லை. அவனாகக் காலை எடுத்து வைக்கும்வரை அங்கேயே நின்றிருந்தார்.