குடியாத்தத்துக்காரர் அறை

பௌர்ணமியன்று எங்கள் ஊரில் லாட்ஜ் வைத்திருப்பவனுக்கு உட்கார நேரம் இருக்காது. எனக்கு மற்ற நாட்களிலேயே உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று என் மனைவி ஜோதி சொல்லுவாள். போன பௌர்ணமிக்கு அந்தச் சக்கரத்தோடு ஒரு போனையும் சேர்த்துக் கட்டிவிட்டான் அவளுடைய தம்பி செழியன்.

லாட்ஜ் செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது. கீழே வரவேற்பு மேசையும் ஒண்ணாம் நம்பர் அறையும். மற்ற அறைகளும் எங்கள் வீடும் மாடியில். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் நிரம்பும். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுவேன். ரோட்டுமேல் புதிதாக வந்த லாட்ஜ்காரர்கள் போனிலேயே ஆள் பிடித்துவிடுகிறார்கள். சனங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அறையை முடிவு செய்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். இப்படியே போனால் லாட்ஜை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு நான் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளப் போகலாம் என்று ஒருநாள் கத்தினேன். அதைக் கேட்டுத்தான் செழியன் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன்.

"மாமா, ஒரே ஒரு ஆப்ல சேர்ந்துடுங்க. நாலு போட்டோ எடுத்துப் போட்டா போதும். அதுவா ஆள் வரும்."

"நீ வந்த மாதிரியா?" என்றேன். ஜோதி முறைத்தாள்.

சேர்ந்தேன். ஒரு பௌர்ணமி பார்ப்போம், சரிப்படாவிட்டால் தூக்கிப் போடுவோம் என்ற நிபந்தனையோடு. அவன் ரூம்களைப் போட்டோ எடுத்தான், வாசலில் "இங்கு ஆன்லைன் புக்கிங் செய்யப்படும்" என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டை மாட்டினான். நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் லாட்ஜில் வாடிக்கையாக வருகிறவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். பண்ருட்டிக்காரர், ஆரணி அம்மா, சித்தூர் ரெட்டி. ஆதார் நகல் எப்போதோ வாங்கியிருப்போம், ஜோதி எங்கேயோ கட்டி வைத்திருப்பாள், யார் எடுத்துப் பார்த்தது? அவர்களுக்கும் நான் லாட்ஜ்காரர், அவ்வளவுதான்.

இவர்களில் குடியாத்தத்துக்காரர் தனி. லாட்ஜ் திறந்த அன்று பூசை போட்டுவிட்டு மத்தியானம் வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஈ காக்கை வரவில்லை. அப்போது மஞ்சள் பையோடு ஒரு ஆளும் அவர் சம்சாரமும் உள்ளே வந்தார்கள். முதல் போணி. அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா அறையும் நிறைந்துவிட்டது. கைராசி என்று நான் நம்புகிறேன், நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் வருவார்கள். நானும் ஒன்றும் கேட்காமல் ஒண்ணாம் நம்பர் சாவியைத் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

முன்பெல்லாம் இருவரும் சேர்ந்து மலை சுற்றுவார்கள். இப்போது அந்த அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. படி ஏற முடியாது, கீழே உட்கார முடியாது. உயரக் கழிவறை இருப்பது அந்த ஒரு அறையில்தான். அதன் ஜன்னலில் மலை தெரியும். கணவர் சுற்றி முடித்து வரும்வரை அந்த அம்மா மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த அறை இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்குப் பௌர்ணமியே இல்லை.

அதனால் செழியனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், ஒண்ணாம் நம்பரை மட்டும் ஆப்பில் போடாதே என்று. பௌர்ணமியன்று காலையில் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் ஒண்ணாம் நம்பர் புக் ஆகியிருக்கிறது. சுரேஷ்குமார், பெங்களூர். "கீழ்த்தளமும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டாயம் வேண்டும்" என்று குறிப்பு வேறு.

செழியனுக்கு போன் போட்டேன். "டேய், எந்த ரூமைப் போடாதேன்னு சொன்னனோ அதையே போட்டு வெச்சிருக்கியே, உனக்குக் காது இருக்கா இல்லையா?"

"அந்த ரூம் போட்டோதான் மாமா நல்லா வந்துச்சு. மலை தெரியுதுல்ல? சரி விடுங்க, ஒரு நாள் தானே."

"எவனோ பெங்களூர்க்காரன்டா. கீழ் ரூம்தான் வேணுமாம் துரைக்கு. குடியாத்தத்துக்காரர் வந்தா எங்க படுக்க வைக்கிறது, உன் கடையிலயா?"

"கேன்சல் கீன்சல் பண்ணிடாதீங்க மாமா. முதல் பௌர்ணமியே கேன்சல்னா ஆப்ல நம்மள கீழ தள்ளிடுவான். அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. மாடி ரூம் ஓகேவான்னு."

போன் போட்டிருக்கலாம். நம்பர் அங்கேயே இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எவனோ ஒருவனிடம் கெஞ்சுவதா என்று தோன்றியது. 'ரத்து' என்பதை அமுக்கினேன். காரணம் கேட்டது. கண்ணில் பட்ட முதல் காரணத்தை அமுக்கினேன். ஒண்ணாம் நம்பரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆப்பாவது ஒண்ணாவது, வாக்கு என்று ஒன்று இருக்கிறது என்று ஜோதியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"யாருக்கு வாக்கு குடுத்தீங்க? அவங்க கேக்கவே இல்லையே," என்றாள் அவள்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் ஏறியது. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ரோடு முழுக்க வெறுங்கால்கள். சந்துக்குள் வருகிற ஒவ்வொருவரும் ரூம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துவிட்டது. ஒரு விழுப்புரத்துக்காரர் பூட்டிய கதவைக் காட்டி, "அது சும்மாதானே கெடக்குது?" என்றார். "அதுக்கு ஆள் இருக்கு," என்று விரட்டினேன். போன் அதுபாட்டுக்கு டிங் டிங் என்றது. மாடிக்கு ஒரு நடை, வாசலுக்கு ஒரு நடை, சந்து முனைக்கு ஒரு நடை. வழக்கமாக வரும் நேரம் தாண்டிவிட்டது. குடியாத்தத்துக்காரரைக் காணோம்.

போளூரில் பஸ் நின்றிருக்கும் என்று ஜோதியிடம் சொன்னேன். அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. கேட்டுப் பார்க்க அவர்கள் நம்பர் என்னிடம் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வாங்கத் தோன்றவில்லை. சந்து முனையில் நின்று பஸ் ஸ்டாண்டு வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகுப் பக்கம் நசீருதீன் பாயின் டீக்கடை. அவர் கடையில் யாராவது போனில் டீக்குக் காசு போட்டதும் ஒரு பெட்டி பெண் குரலில் தொகையைச் சொல்லும். அந்தக் குரல் வேறு ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எரிச்சலாக இருந்தது.

பொழுது சாய்ந்தது. ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல். அவள் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"குடுத்துடுங்க," என்றாள் ஜோதி. "வர்றவங்கன்னா இந்நேரம் வந்திருப்பாங்க. பச்ச கொழந்தைய வாசல்ல போட்டுட்டுப் பூட்டின ரூமுக்குக் காவலா?"

சொல்லி அனுப்பியிருக்கலாமே, இவ்வளவு பழகி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா என்று குடியாத்தத்துக்காரர் மேலேயே கோபம் வந்தது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் புருஷனிடம் கொடுத்தேன். அவர்கள் உள்ளே போய் விளக்கைப் போட்டார்கள். மலைக்குக் கிழக்கே நிலா எழும்ப வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் நசீருதீன் பாய் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணே, உங்க குடியாத்தத்துக்காரங்களுக்கு ரூம் இல்லைன்னு சொல்லிட்டீங்களாமே?"

"யார் சொன்னது? நான் அவங்களுக்காகத்தான் காலையிலேருந்து பேயா அலையறேன்."

"மத்தியானத்துலேருந்து என் கடையிலதான் உக்காந்திருக்காங்க. ரூம் கழுவறீங்க போலன்னு நெனச்சு நானும் கேக்கல. இப்பதான் கேட்டேன். உங்களச் சங்கடப்படுத்த வேணாம்னு சொன்னாங்க."

ஓடினேன். டீக்கடைக்குள், பாய்லருக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பை மடியில். அந்த அம்மா காலை நீட்டிக்கொண்டு முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குடியாத்தத்துக்காரர் எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"அய்யா, இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

"எங்க மேல ஏதாவது கோவமாங்க?" என்றார் அவர்.

"எனக்கு என்னங்க கோவம்?"

"போன தடவை ஊருக்குக் கெளம்பறப்போ போர்டு மாட்டிக்கிட்டிருந்தீங்க. இனிமே போன்லதான் சொல்லணும் போலன்னு நெனச்சுக்கிட்டோம். உங்களுக்கும் சங்கடம் வேணாமேன்னு பையன விட்டுப் புக் பண்ணச் சொன்னோம். பெங்களூர்ல இருக்கான். கீழ் ரூம்தான்னு சொல்லிப் போட்டான். போளூர் தாண்டறப்போ போன் பண்ணி, கேன்சல் ஆயிடுச்சுப்பான்னான்."

"சுரேஷ்குமாரா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காலையில் துரை என்று யாரைத் திட்டினேனோ, அந்தத் துரையின் அம்மா என் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர்களுக்காக அறையை வைத்துக்கொள்ள அவர்களையே வெளியே தள்ளியிருக்கிறேன். அந்த அறையையும் இப்போதுதான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நடந்ததை உளறிக் கொட்டினேன். பாய் "யா அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். குடியாத்தத்துக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கொழந்தைய எழுப்பாதீங்க," என்றார்.

இருவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். ஜோதியும் நானும் மாடியிலிருந்து எங்கள் கட்டிலை இறக்கி, வரவேற்பு மேசையைச் சுவரோரம் தள்ளி, அந்த இடத்தில் போட்டோம். கழிவறைக்கு எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டுங்கள் என்று அந்தக் கைக்குழந்தைக்காரி சொன்னாள். எல்லாம் செய்தோம். ஆனால் அங்கே ஜன்னல் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தால் எதிர்ச்சுவரும் அதில் செழியன் ஒட்டிய ஆப் விளம்பரமும்தான் தெரியும். அதைக் கிழித்துப் போட்டேன். வெறும் சுவர் தெரிந்தது.

குடியாத்தத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலை சுற்றப் புறப்பட்டார். வாசற்படியில் நின்று, தயங்கி, திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அடுத்த பௌர்ணமிக்கு எப்படிங்க வர்றது? போன்ல சொல்லிட்டு வரட்டுமா, சும்மா வரட்டுமா?"

"சும்மா வாங்க," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

கட்டிலில் இருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"உங்க பேரு தசரதனாங்க?"

"ஆமாம்மா."

"இத்தன வருஷமா வர்றோம், எங்களுக்குத் தெரியாது. லாட்ஜ்காரர்னுதான் சொல்லுவோம். இன்னிக்குப் பையன்தான் போன்ல வந்தத படிச்சுக் காட்டினான். 'தசரதன் உங்கள் அறையை ரத்து செய்துவிட்டார்'னு. யாருடா அது தசரதன்னு இவரு கேட்டாரு."

போன் டிங் என்றது. நான் எடுக்கவில்லை. மேசையோரம் நின்றபடி, உங்கள் பெயர் என்னம்மா என்று கேட்டேன்.

"மணியம்மாள்," என்றார் அவர். "அவரு பேரு அப்பாதுரை."