ராசம்மாள் பாடிய பின்பாட்டு

நாற்று நடும்போது பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு நாளும் சேற்றில் குனிந்திருக்க மாட்டார்கள். பாட்டு போகிற போக்கில்தான் கை போகும். அம்சம் அக்கா ஓரடி பாடுவாள், நாங்கள் அத்தனை பேரும் பின்பாட்டுப் பாடுவோம், வரிசை மொத்தமும் ஒன்றாகப் பின்னால் நகரும்.

அவள் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்பு, கீழத்தெருவுக்கும் வடக்குத்தெருவுக்கும் குழாயடியில் மயிர்பிடிச் சண்டைதான். நானே இரண்டு பேரின் குடத்தை உடைத்திருக்கிறேன். அப்புறம் ஒரே வரிசையில் நின்று பாடியதில், சண்டைக்காரி வீட்டில் சாவு என்றால் என் வீட்டு அடுப்பும் அணைந்தது. அது அவள் செய்த வேலை.

ராசம்மாளுக்கு யானைக்கால். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைப்பதற்குள் மற்றவர்கள் நான்கு முடிச்சு நாற்று நட்டுவிடுவார்கள். அதனால் அவளுக்கென்றே அக்கா ஒரு பாட்டுக் கட்டினாள்.

“சேத்துக்குள்ள காலு போனா...” என்று இழுப்பாள்.

“சேந்தெடுப்போம் வாடியம்மா” என்று நாங்களும் இழுப்போம். அந்த இழுப்பில் ராசம்மாள் வரிசையோடு வந்து சேர்ந்துவிடுவாள். பண்ணைக்காரர்களுக்கு இது தெரியாது.

சூரியன் சின்னத்துக்காரர்கள் ஆட்சிக்கு வந்து அடுத்த சம்பா நடவு அது. ரூபாய்க்குப் படி அரிசி பட்டணத்தில் போட்டார்களாம், எங்கள் பக்கம் வழி தெரியவில்லை போலிருக்கிறது. ஆனால் சங்கம் வந்திருந்தது, சிவப்புக் கொடி வந்திருந்தது. கரையில் குடை பிடித்து நிற்கும் காரியஸ்தர் நாகநாதனுக்கு எல்லாவற்றின் மேலும் எரிச்சல். பாட்டு மெதுவானால் நடவும் மெதுவாகிறது என்று அந்த வருஷம்தான் கண்டுபிடித்தார்.

“பாட்டுக்கா கூலி குடுக்குறாங்க? வாயப் பொத்திக்கிட்டு நடுங்க” என்றார்.

வாயைப் பொத்தினோம். அரை மா நிலம் நடுவதற்குள் ராசம்மாள் தனியாக நின்றாள். “நாளைலேருந்து நீ வராதே” என்று அவளிடம் சொன்னார். அம்சம் அக்கா கையிலிருந்த முடிச்சைச் சேற்றில் போட்டுவிட்டுக் கரையேறினாள். ஒருத்தி பாக்கியில்லாமல் நாங்களும் ஏறினோம். ராசம்மாளுக்கு வேலை வேண்டும், எங்களுக்குப் பாட்டு வேண்டும், அதுவரை ஒரு நாற்றும் தொடமாட்டோம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டோம். அன்றைக்கு ராசம்மாள் அழுத அழுகையில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பண்ணை ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து லாரியில் பெண்களை இறக்கியது. அவர்களும் எங்களைப் போலக் காய்ந்து கிடந்தவர்கள்தான். வையலாமா? வைதோம். தினமும் கரையில் நின்று அவர்கள் காதில் விழும்படி பாடினோம். வீட்டுக்கு வீடு ஓர் அகப்பை கஞ்சி எடுத்து ராசம்மாள் வீட்டுக்குக் கொடுத்தோம். பிறகு கொடுப்பதற்குக் கஞ்சி இல்லை. நத்தையும் நண்டும் பொறுக்கினோம், வாய்க்கால் ஓரத்துக் கீரையைக் கிள்ளித் தின்றோம். ராசம்மாளின் சின்னக் குட்டி காய்ச்சலில் படுத்தது.

ஒரு நாள் காலையில் கரைக்குப் போனால், ஒரத்தநாட்டு வரிசையின் நடுவில் ராசம்மாள் குனிந்திருக்கிறாள்.

யாருக்காகப் பட்டினி கிடக்கிறோமோ அவளே வயலில். நாகநாதன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவளை நடுவில் நிறுத்தியதே நாங்கள் பார்ப்பதற்குத்தான்.

“ஒனக்காகத்தாண்டி நாங்க காஞ்சு கெடக்குறோம்! சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?” என்று கத்தினேன். மற்றவர்களும் கத்தினார்கள். அவள் நிமிரவில்லை.

எங்கள் கரையிலிருந்துதான் நடவு தொடங்கியிருந்தது. ஒரத்தநாட்டார் கை வேகம் வேறு. வரிசை பின்னால் பின்னால் போய்விட்டது. ராசம்மாள் மட்டும் எங்கள் முன்னாலேயே, முகத்தைப் பார்க்கிற தூரத்தில், கால் புதைந்து நின்றாள். இழுத்தாள், வரவில்லை. எதிர்க்கரையிலிருந்து நாகநாதன் “வெரசா வா” என்று அதட்டினார்.

அம்சம் அக்கா வாய் திறந்தாள். நல்லதாக நாலு வார்த்தை கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“சேத்துக்குள்ள காலு போனா...”

எங்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அக்கா திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாடக்கூடாது என்றுதான் நின்றேன், என் பிள்ளைகளும்தான் பசியில் கிடந்தன. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அக்கா மறுபடியும் அதே அடியைப் பாடினாள். 

வயலிலிருந்து பின்பாட்டு வந்தது. ராசம்மாள்தான். அவளுக்கு ஒரு நாளும் சுருதி சேர்ந்ததில்லை, எங்கள் கூட்டத்தில் அது தெரியாமல் போகும். குனிந்தபடியே, தனியாக, இழுத்துப் பாடினாள்.

“சேந்தெடுப்போம் வாடியம்மா...”

அடுத்த அடியை அக்கா எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. கரையிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள்.

“பாடவா வந்தே? ஏறு கரைய!” என்றார் நாகநாதன்.

ராசம்மாள் இரண்டு கையாலும் காலைப் பிடுங்கி எடுத்தாள். எங்கள் கரை கையெட்டும் தூரம். இவ்வளவு நேரம் கத்திய எனக்கு, “இப்புடி வா” என்று ஒரு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி, நடாத சேற்றை முழுக்கக் கடந்து, அந்தக் கரைக்கே நடந்தாள்.

மறுநாள் அவள் வீட்டில் படல் சாத்தியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூத்தாநல்லூரில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள் என்றார்கள். ஒருத்தியும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வாரமே சங்கம் பேசி முடித்தது. ராசம்மாளுக்கு வேலை உண்டு, பாட்டுக்கும் தடையில்லை என்று பண்ணை ஒப்புக்கொண்டது. நாங்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது. திரும்ப வயலில் இறங்கியபோது நாகநாதனே, “அதான் பாடலாம்னு ஆயிடுச்சே, பாடுங்களேன்” என்றார்.

அம்சம் அக்கா குனிந்து நடத் தொடங்கினாள். அவள் வாய் திறப்பாள் என்று நாங்கள் காத்திருந்தோம். மத்தியானம் கஞ்சிக்குக் கரையேறும்வரை காத்திருந்தோம்.