கொடுத்த வீட்டில் கை நனைத்தவர்

மாமல்லையின் கற்கோயில்களை வருடிக்கொண்டு தெற்கே நீளும் கடற்கரை, உப்பளங்களின் வெண்மையையும் சவுக்குத் தோப்புகளின் கருமையையும் மாறிமாறி உடுத்தியபடி செய்யூர் எல்லையை நெருங்குமிடத்தில், கழிமுகத்தை அடுத்து வெண்மணற்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. தை மாதத்துக் காலையில், நிலக்கடலைக் கொல்லைகளின்மேல் இளவெயில் பரவ, வேடந்தாங்கலினின்று இரைதேடி எழுந்த நாரைகள் வானில் வளைகோடு இழுத்துச் செல்ல, முதல் நடை முடித்த பேருந்து புழுதி கிளப்பித் திரும்பும் அவ்வேளையில், ஊரெல்லாம் விழித்திருக்க, நடுத்தெருவில் ஓடு வேய்ந்த ஒரு வீடு மட்டும் கண்மூடிக் கிடக்கும். படிப்போரே, அவ்வழியே நீங்கள் சென்றிருந்தாலும் அதனை நூலகம் என்று அறிந்திருக்க மாட்டீர்கள்.

அவ்வீட்டை ஊருக்கென ஈந்தவர் எத்திராசனார். திறப்பு நாளில் வந்தோர்க்கெல்லாம் பானகம் வழங்கிய அவர், தாம் ஒரு மிடறும் பருகாமல் வாயிற்படியிலேயே நின்றார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெற்றோர் கை நனைக்காதது போல, ஊருக்குக் கொடுத்த வீட்டில் நம் குடியினர் எதையும் கொள்ளலாகாது என்று அன்று அவர் சொன்ன சொல்லை, அவர் மகன் தனகோடியார் நெற்றித் திருநீறு போல் சுமந்தார். பங்காளிகள் வாழும் மேலத்தெரு முழுவதும் அதனையே தன் பெருமையாகக் கொண்டது. அத்தெருவினர் எவரும் நூலகத்துள் காலெடுத்து வைத்ததில்லை. தனகோடியார் நாள்தோறும் வெளுத்த வேட்டியும் நிமிர்ந்த முதுகுமாய் வந்து, தந்தையின் பெயர் பொறித்த பலகையை வெளியே நின்றபடியே துடைத்துவிட்டுப் போவார்.

உள்ளேயோ, அரசு விடுத்த பணம் கோடைக் கால்வாய் போல் ஆண்டுதோறும் மெலிந்தது. முதலில் புது நூல்கள் வருவது நின்றது. பின் செய்தித்தாள்கள் நின்றன. உடைந்த ஓட்டுக்கு மாற்று ஓடு வரவில்லை. நூலகர் ஓய்வு பெற்றுப் போன இடத்தில் எவரையும் அமர்த்தாமல், வேறிரண்டு ஊர்களையும் பார்த்துக்கொள்ளும் ஞானம்பாளின் தலையில் இதனையும் ஏற்றினர். அவள் முற்பகல் மட்டும் திறந்து, உச்சிவேளையில் பூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுவாள். கொல்லையிலும் உப்பளத்திலும் உழைத்து மாலையில் வருவோர் பூட்டைக் கண்டு திரும்பினர். திரும்பியவர்கள் நாளடைவில் வராமலே நின்றனர். வாயிலை அடைத்ததால் ஆள் வரவில்லை. ஆள் வரவில்லை என்பதால் வாயிலை அடியோடு அடைத்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது.

அதனை ஆராய வந்த அலுவலர் இலட்சுமணன், களைத்த முகமும் கனிந்த சொல்லும் உடையவர். அவர் உள்ளே நாற்காலியில் இருக்க, தனகோடியார் அப்போதும் படியைத் தாண்டாமல் வெளியே நின்றே வழக்காடினார்.

"எங்கப்பா பேர்ல கீற வூடு இது. நான் உசுரோட இருக்கச் சொல்ல எவன் வந்து மூடுவான்?"

"மேல இருந்து பணமே வரலைங்க ஐயா. எதை மூடலாம்னுதான் என்னைக் கேக்குறாங்க. ஆள் வராத எடத்தைத்தான் நான் எழுதித் தர முடியும்" என்ற அலுவலர், சற்றுத் தயங்கி, "உங்க தெருவுல இருந்து ஒருத்தராவது உள்ள வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

தனகோடியார் வாய் திறக்குமுன், பின்புறச் சாளரத்தின் கம்பிகளுக்கிடையே ஒரு கை நீண்டு, தடித்த நூலொன்றை ஞானம்பாளின் மேசைமேல் வைத்தது. அக்கையில் கிடந்த நெளிவளையலை அவர் அறிவார். தம் மனைவி கண்மூடுமுன் மருமகள் ரேணுகாவுக்கு அணிவித்த வளையல் அது.

அரசுப் பணித் தேர்வுக்காக அவள் ஓராண்டாய்ச் சாளரத்துக்கு வெளியே நின்று நூல் பெறுவதையும், அவள் பெயரை எழுத அஞ்சித் தன் பெயரிலேயே தான் கொடுத்து வருவதையும் ஞானம்பாள் தலைகுனிந்து சொன்னாள். சாளரத்தில் தெரிந்த ரேணுகாவின் முகம் வெளிறியது.

"நான் உள்ள கால் வெக்கல மாமா. உங்க பேச்ச மீறல."

அலுவலர் மெல்லப் பெருமூச்செறிந்தார். "இந்தக் கை எங்க கணக்குல வராதேம்மா."

வலைக்குள் நீந்தி வந்த மீன், முன்னே செல்லினும் பின்னே செல்லினும் கண்ணிகளையே முட்டுவது போல, அன்று வீடு திரும்பிய தனகோடியாரின் நெஞ்சம் முட்டியது. உள்ளே போனால் தந்தையின் சொல் அழியும். போகாதிருந்தால் தந்தையின் பெயர் அழியும். எந்தப் பெருமையை அரண் என்று எண்ணினாரோ, அதுவே தம்மை வளைத்த மதிலாய் நிற்பதைக் கண்டார். இட்ட சோற்றைத் தொடாமல் இருந்தவரின் எதிரே வந்து நின்றாள் ரேணுகா.

"சோறு ஆறுது மாமா."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? பொண்ணு குடுத்த வூட்ல கூட, ஒரு கொழந்த பொறந்துட்டா கை நனைக்கிறாங்க. அந்த வூட்ல படிச்சி எத்தினி பேரு ஆளாயிட்டாங்க. இன்னும் அது பொறக்கலியா மாமா?"

தனகோடியார் தட்டை அருகே இழுத்தார். சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் முற்பகல் அவர் அப்படியைத் தாண்டினார். மேலத்தெருவே மூச்சடக்கிப் பார்த்திருக்க, உள்ளே சென்று, வருகைப் பதிவில் தம் பெயரை நிறுத்தி எழுதிவிட்டு, மூலையில் கிடந்த நாற்காலியில் அமர்ந்தார். உச்சிவேளையில் பூட்டும் கையுமாய் வந்து நின்றாள் ஞானம்பாள்.

"ஐயா, நான் அடுத்த ஊருக்குப் போவணும். பூட்டாமப் போனா என் வேலைக்கு ஒல வெச்சிருவாங்க."

"பூட்டு."

"நீங்க உள்ள கீறீங்களே ஐயா."

"உள்ள ஆளு இருந்தா பூட்டக் கூடாதுன்னு எங்கனா எழுதிக் கீதா?"

அவள் எண்ணிப் பார்த்தாள், எழுதப்படவில்லை. "அப்ப பூட்டு. சாயங்காலம் பஸ்ஸு எறங்கி வந்து தொறந்து வுடு" என்றார் அவர்.

பூட்டு விழுந்த ஒலி, உயர்ந்த அக்கூடத்தில் உருண்டு அடங்கியது. உடைந்த ஓட்டின் வழியே விழுந்த ஒற்றை வெயில்கோடு தரையில் ஊர்வதைப் பார்த்தபடி இருந்தார். பிற்பகலில் ரேணுகா சாளரத்தின் வழியே நீர்ச்செம்பையும் சோற்றுப் பொதியையும் நீட்டினாள். ஒருகணம் தயங்கியவர், அவ்வீட்டினுள் முதன்முறையாகக் கை நனைத்து உண்டார். உண்டு முடித்து, அவள் கேட்ட நூலைத் தேடி எடுத்துக் கம்பிகளுக்கிடையே நீட்டி, பதிவேட்டையும் உடன் நீட்டினார்.

"உன் பேர எழுது. உன் பேரத்தான் எழுதணும்."

உப்பளத்திலிருந்து திரும்பிய பங்காளி ஆனந்தன், கம்பிக்குள் பெரியப்பாவைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான்.

"இன்னா பெரிப்பா, உன்ன உள்ள போட்டுப் பூட்டிட்டாங்களா?"

"நான்தான்டா பூட்டச் சொன்னேன். பொஸ்தகம் வேணும்னா பேர் எழுதிட்டு வாங்கிக்கோ. வேணாம்னா வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லு."

ஆனந்தன் சிரித்தான், பின்பு எழுதினான். அவனைக் கண்டு மேலத்தெருவினர் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர்.

அரசின் பணம் இன்னும் திரும்பவில்லை. செய்தித்தாள் வரவில்லை, ஓட்டின் பொத்தல் அப்படியே இருக்கிறது. மூடத்தக்க நூலகங்களின் வரிசையினின்று வெண்மணற்பாக்கத்தின் பெயர் நீங்கியதா என்று கேட்டால், இலட்சுமணன் தமக்குத் தெரியாது என்றே சொல்கிறார். ஆயினும் ஞானம்பாள் திறக்கும் நாள்தோறும் உச்சிவேளையில் அக்கதவு பூட்டப்படுகிறது. உள்ளே ஒருவர் இருக்கிறார். கொடுத்ததைத் தொடாதிருப்பதே கொடைக்கு அழகு என்று ஒரு வாழ்நாள் முழுதும் வெளியே நின்றவர், கொடுத்தது அழிந்துவிடாமல் இருக்க இப்போது உள்ளே அடைபட்டிருக்கிறார். மாலையில் நாரைகள் வேடந்தாங்கல் நோக்கித் திரும்பும் வேளையில், எத்திராசனாரின் பெயர்ப்பலகையில் தூசு படிந்திருக்கிறது. அதனைத் துடைக்க எவருக்கும் நேரமில்லை. சாளரத்தின் வழியே மட்டும், முதிர்ந்த ஒரு கை, நூலொன்றை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.