திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்

நெட்டையன் கட்டிலில் படுத்தபோது அவன் பாதங்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. இசிஜி அறையில் இருந்தது அந்த ஒரு கட்டில்தான். இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் படுக்கச் சொன்னாள் இசிஜி எடுப்பவள். ஏறினால் தலை சுவரில் இடித்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அந்த அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள் அவள். அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட ‘இசிஜி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனையோ நெஞ்சுகளைத் துடைத்து, பசை தடவி, ஒயர் மாட்டியிருக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஒயரை எடுக்குமுன் இரண்டு தடவை கை கழுவினாள். இந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரனின் படம் அவள் வீட்டு பீரோ கதவில் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் மகள். இடது மூலை இறங்கியிருக்கிறது, வலது மூலை ஏறியிருக்கிறது என்று தூர நின்று வேலை வாங்கியவர் கணவர்.

பதினோரு வருடம் இரண்டாம் டிவிஷனில் கிடந்த ஊர் கால்பந்து கிளப், போன சீசனின் கடைசி நாளில், வேறு யாரோ தோற்ற புண்ணியத்தில் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் உள்ளூர்க்காரர்கள் செய்த கேலிக்கும் குறைவில்லை. நம்ம கோல்கீப்பருக்கு ஏன் முதுகுவலி என்றால், வலையிலிருந்து குனிந்து குனிந்து பந்தை எடுத்துத்தான். நம்ம ஃபார்வர்டு தபால் போட்டால்கூடப் பெட்டிக்கு வெளியேதான் விழும். இப்போது கேலி எல்லாம் அடங்கிவிட்டது. போன வருடம் வேறொரு கிளப்புக்காக இருபத்திரண்டு கோல் போட்ட இந்த நெட்டையனை வாங்கிவிட்டார்கள். மெடிக்கல் பரிசோதனை முடிந்து அன்று மாலை ஐந்து மணிக்குள் பேரைப் பதிந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் முதல் மேட்ச்சில் ஆடுவான். ஊர் முழுக்க அந்த ஐந்து மணியை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

மெஷின் காகிதத்தைத் துப்பத் தொடங்கியது. இளஞ்சிவப்புக் கட்டங்களின் மேல் கறுப்புக் கோடு ஓடியது. அவள் பாதி கவனத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காத்திருக்கும் கிளப் செயலாளரிடம் சொல்லி மகளுக்காக இவன் கையெழுத்து ஒன்று வாங்கலாமா என்று மனசுக்குள் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. பிறகு அந்தப் பேச்சு நின்றது. நெஞ்சில் மாட்டிய முதல் நான்கு ஒயர்களின் கோட்டில், மேடாக எழ வேண்டிய சின்ன வளைவு குழியாகக் கீழே இறங்கியிருந்தது. ஏழெட்டுத் துடிப்புக்கு ஒரு முறை, வரிசையில் நிற்கப் பொறுமையில்லாதவனைப் போல ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது, தன் பாட்டுக்குக் கோணலாக. ஒயரை மாற்றி மாட்டிவிட்டோமா என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். இரண்டாவது காகிதமும் அதையே சொன்னது. மூன்றாவதும்.

கோடு வரைவதுதான் அவள் வேலை, வாசிப்பது டாக்டர் வேலை. ஆனாலும் பத்தொன்பது வருடம் ஒரே தெருவில் நடப்பவளுக்குப் பெயர்ப் பலகையைப் படிக்காமலே வீடு தெரியும். காகிதத்தை மடித்துக்கொண்டே சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

“எப்பவாவது மயக்கம் வந்திருக்கா தம்பி?”

“ஒரு தடவை. பிராக்டிஸ்ல. நல்ல வெயில் அன்னைக்கு.”

“வீட்ல யாருக்காவது... சின்ன வயசுல?”

அவன் மேலே சுற்றாமல் நின்ற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், அண்ணன் ஒருவன் இருந்தான் என்றும், இருபத்திரண்டு வயதில் ஆற்றில் போய்விட்டான் என்றும் சொன்னான். நீச்சல் தெரியாதா என்று கேட்டாள். “ஊருக்கே நீச்சல் கத்துக்கொடுத்தவன் அக்கா அவன்” என்றான். சொன்னபிறகுதான் சொன்னது உறைத்தது போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து, நெஞ்சிலிருந்த பசையைத் தானே துடைத்துக்கொண்டான். “அதை எங்கயும் எழுதிடாதீங்க” என்று மெதுவாகச் சொன்னான். மேசையில் கிடந்த படிவத்தில், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா என்ற கேள்விக்கு நேராக, ‘இல்லை’ என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் விழுந்திருந்தது.

கிளப் டாக்டர் உள்ளே வந்து, மூன்று காகிதங்களில் இரண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது காகிதம் எப்படியோ அவள் மேலங்கிப் பைக்குள் போயிருந்தது. ஓடி ஆடுகிறவனின் இதயம் பெரிசாகத்தான் இருக்கும், கோடும் இப்படித்தான் தாறுமாறாக வரும் என்றார். அது பொய்யில்லை, அவளும் அப்படிப் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் இதயத்தை ஸ்கேனில் காட்டும் எக்கோ ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாமே என்றாள். எக்கோ பார்க்கிற பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை வரை விடுமுறை என்பது அவர்கள் இருவருக்குமே தெரியும். வாசலில் நின்ற செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளப் டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்து, “ஊரே சந்தோஷமா இருக்கு. நீங்க ஏம்மா பயமுறுத்துறீங்க?” என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அண்ணனைப் பற்றிச் சொல்வதற்கு அந்த ஒரு நொடி இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். பிறகு, மகளுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டாள்.

ஏன் அப்படிக் கேட்டோம் என்று அந்த வாரம் முழுக்க அவளால் தனக்கே பதில் சொல்ல முடியவில்லை. அவன் எழுதாதே என்று கேட்டுக்கொண்டான், அதனால் சொல்லவில்லை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்வாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்தச் சமாதானம் நிற்காது. கணவர் தையல்காரர், ரசிகர் மன்றத்துக்கும் அவர்தான் பொறுப்பு. முன்னறை முழுக்க நீலத்துணி. நெட்டையனின் ஒன்பது என்ற எண்ணை வெட்டி வெட்டி ஒரு பக்கம் அடுக்கியிருந்தார். தரையில் உதிர்ந்த துண்டுகளை மிதிக்காமல் சமையலறைக்குப் போக முடியாது. பதினோரு வருடம் கிளப்பைப் பற்றி வாயே திறக்காத எதிர்வீட்டுக்காரர்கூட வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார். இந்த வருடம் முதல் நாலு இடத்துக்குள் வருவோமா, ஆறுக்குள்ளா என்று தெரு முழுக்கப் பேச்சு. மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் முப்பத்து நான்கு மேட்சுக்கும் முடிவு எழுதிவைத்திருந்தாள். அதில் தோல்வி நான்குதான். பெற்றவளுக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. சின்ன வயதில் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிய கிளப். அவன் ஆட வேண்டும் என்று அவளும்தான் விரும்பினாள். வாயை அடைத்தது அதுதான் என்று வியாழக்கிழமை இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது புரிந்துவிட்டது. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு எத்தனை நாள் படுப்பது?

வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரி விஷயத்தை வீட்டில் பேசுவதில்லை என்ற வழக்கத்தை முதல்முறையாக மீறிக் கணவரிடம் சொன்னாள். தையல் மெஷின் நின்றது. அவர் முழுக்கக் கேட்டார், இடையில் குறுக்கிடவில்லை. அவள் நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை. துணியிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நீ டாக்டரா?”

“இல்லைங்க.”

“டாக்டர் சரின்னு சொல்லிட்டாருல்ல?”

அவள் காகிதத்தை மடித்தாள். அவர் மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். அவர் கெட்டவரில்லை. தெருநாய்க்கு அடிபட்டால் கடையை மூடிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அவள் முகத்தைப் பார்க்காமல், துணியைப் பார்த்துக்கொண்டே, “இந்த ஒரு மேட்ச் ஆடட்டுமே” என்றார். மெஷின் மறுபடி ஓடியது. அன்று அவர் தைத்த ஜெர்சிகளில் இரண்டில் எண் கோணலாக விழுந்தது மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை பெரிய டாக்டர் வேலைக்குத் திரும்பினார். அவர் செருப்பை மாற்றி உட்காருவதற்குள் அவள் காகிதத்தை மேசையில் விரித்துவிட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு காகிதத்தில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. யாருடையது என்று கேட்டார். சொன்னாள். மயக்கத்தையும் சொன்னாள், ஆற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் காகிதத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் எதிரிலேயே கிளப் டாக்டருக்குப் போன் போட்டார். உடனே அனுப்புங்கள், நானே இருந்து எக்கோ பார்க்கிறேன், அதுவரை ஓடவிடாதீர்கள் என்றார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். அண்ணன் விஷயத்தை இவர் சொன்னதும், பக்கத்திலிருந்த அவனையே கேட்டார்களாம், தண்ணீர் விபத்து என்றானாம். டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். பெரிய டாக்டர் குரல் ஏறியது. நான் எழுத்தில் கொடுக்கிறேன் என்றார். பிறகு போனை வைத்தார்.

“திங்கட்கிழமை முதல் வேலையா அனுப்புறாங்களாம்.”

“நாளைக்கு மேட்ச் சார்.”

“தெரியும்மா.”

அவர் அப்போதே கடிதம் எழுதி ஆள் மூலம் கிளப்புக்குக் கொடுத்தனுப்பினார். அலுவலகம் பூட்டியிருந்ததாம். கதவிடுக்கில் செருகிவிட்டு வந்ததாகப் போனவன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே மைதானத்தைச் சுற்றி நீலமாக இருந்தது. வெயில் ரோட்டுத் தாரை இளக்கியது. கணவரும் மகளும் மன்றத்து ஆட்களோடு கேலரிக்குப் போனார்கள். அவள் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீரர்களின் பஸ் வந்து நிற்கிற பின்வாசலுக்குப் போனாள். இரும்புத் தடுப்புக்குப் பின்னால் இருநூறு பேர் நின்றார்கள். ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் காட்டி, இடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். எல்லோருக்கும் கடைசியாக, தலையைக் குனிந்து பஸ் கதவுக்கு வெளியே வந்தான் நெட்டையன். கூட்டம் அவன் பெயரைச் சொல்லி அலறியது. அவன் கையை உயர்த்திக்கொண்டு நடந்தவன், அவளைப் பார்த்ததும் நின்றான். அவனே தடுப்புக்குப் பக்கத்தில் வந்தான்.

“இன்னைக்கு ஆடாதீங்க தம்பி. கால் வலிக்குதுன்னு சொல்லிடுங்க. நாளைக்கு ஒரே ஒரு டெஸ்ட்டுதான்.”

அவன் அதிர்ச்சியடைவான் என்றுதான் நினைத்திருந்தாள். அவன் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. எப்போதோ கேட்ட செய்தியை இன்னொருவர் சொல்லக் கேட்பவனைப் போல, மரியாதையாகத் தலையாட்டினான்.

“போன கிளப்புலயும் ஒரு அக்கா மூணு தடவை எடுத்துப் பார்த்தாங்க” என்றான். “அப்புறம் நான் இருபத்திரண்டு கோல் போட்டேன்.”

“அது அப்போ.”

“டெஸ்ட் எடுத்தா என்ன சொல்வாங்க? இனி ஆடாதேன்னு சொல்வாங்க. ஆடாம நான் என்ன பண்றது அக்கா?”

பின்னாலிருந்து செயலாளர் அவன் தோளைத் தொட்டார். போகும்போது அவன், மகளுக்குக் கையெழுத்து கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனான்.

கேலரியில் அவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். கணவர் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவர் கையில் கொடிக்கம்பு இருந்தது, விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன. பதினேழாவது நிமிடத்தில் நெட்டையன் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. பதினோரு வருடமும் ஒன்றாகச் சேர்ந்து எழுந்து குதித்ததில் காலடியில் சிமெண்ட் படிக்கட்டு அதிர்ந்தது. முன்பின் தெரியாத யாரோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மகள் தொண்டை கம்மிப்போய்க் கத்தினாள். கணவரும் எழுந்துதான் நின்றார். ஆனால் கொடியை ஆட்டவில்லை. வலைக்குள் கிடந்த பந்தைப் பார்க்காமல், கோல் போட்டவனை மட்டும் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார். திரும்பவும் உட்கார்ந்தார். இடைவேளையில் அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தான் குடிக்காமல் அவளிடம் நீட்டினார்.

இரண்டாம் பாதியில் எதிரணி நெருக்கியது. எழுபதாவது நிமிடத்துக்கு மேல் பந்து இந்தப் பக்கத்துக் கோல் முன்னாலேயே சிக்கிக்கொண்டது. அடிக்கிறார்கள், தடுக்கிறார்கள், மறுபடி அடிக்கிறார்கள். கேலரி மொத்தமும் அந்தப் பக்கமே சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மைதானத்தின் நடுவில், வெள்ளை வட்டத்துக்குள், நெட்டையன் தனியாக நின்றான். கைகளை முழங்காலில் ஊன்றியிருந்தான். பிறகு ஒரு காலை மடித்து, மெல்லப் புல்லில் மண்டியிட்டு, பூட்ஸ் கயிற்றின் மேல் குனிந்தான்.

கணவரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

கோல்கீப்பர் எப்படியோ பந்தைக் கைப்பற்றிவிட்டார். கூட்டம் பெருமூச்சு விட்டு ஆர்ப்பரித்தது. அவர் நாலு அடி ஓடிவந்து, பந்தை உயரத் தூக்கி, நடு மைதானத்தை நோக்கி உதைத்தார். இருபதாயிரம் பேர் ஒரே குரலில் அவன் பெயரைச் சொல்லி எழுந்தார்கள். பந்து வெயிலில் சுழன்றுகொண்டே நேராக அந்த வட்டத்தின் மேல் இறங்கியது. அவன் இன்னும் குனிந்தபடியே இருந்தான். இரண்டு கைகளும் பூட்ஸின் மேல் இருந்தன. கயிறு கட்டுகிற விரல்களா அவை, அசைகின்றனவா என்று அங்கிருந்து அவளுக்குத் தெரியவில்லை.